தெரியாதவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்

அக்கா அழுதாளா என்று கேட்டு எழுதியிருந்தவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. இந்த வாரமும் அழவில்லை.

இந்தத் தொடரின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இவர்களுடைய பெரியவன் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு காய்ச்சல் என்று படுத்தான். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மருத்துவமனைக்கு நடந்து போனவன் திரும்பி வரவில்லை. அது நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது.

அக்கா அடுத்த வாரமே கடையைத் திறந்தாள். சமைத்தாள், துவைத்தாள், துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கல்நெஞ்சுக்காரி என்றுகூடச் சிலர் முதுகுக்குப் பின்னால் சொல்லிப் பார்த்தார்கள். கல்லாவது வெயில் பட்டால் சுடும். அக்காவுக்கு எதுவுமே உறைக்கவில்லை, மனசு மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம்.

அப்படிப்பட்ட அக்கா தானாகவே தன் வலைப்பூ விஷயமாகத் தங்கைக்கு ஃபோன் போட்டு, "என் பிளாக்கைப் புதுசா மாத்திக் குடு" என்றாள் அல்லவா, போன வாரம்? தங்கைக்கு வீட்டில் வாலு என்று பெயர். முப்பது வயது தாண்டியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கம்பெனிகளுக்கு வலைத்தளம் வடிவமைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அக்கா வாயிலிருந்து 'வேணும்' என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ மாசமாயிற்று. வாலுவுக்குத் தலைகால் புரியவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலையிலேயே கடையில் வந்து நின்றுவிட்டாள்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரம், ஃப்ரேமை இளக்கச் சூடான காற்று ஊதும் பெட்டி, கண்ணுக்கே தெரியாத திருகாணிகளைப் போட்டுவைத்த டப்பாக்கள். மேஜை ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வாலு உட்கார்ந்தாள். அக்கா ஒரு ஃப்ரேமின் காதுக்கம்பியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இதைச் சொல்லு. யார் யார் படிப்பாங்க?" என்றாள் வாலு. எந்த வேலையை எடுத்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர். தெரியாதவங்க நிறைய."

உண்மைதான். அக்கா பல வருஷமாக எழுதிவந்த வலைப்பூ அது. கடைக்கு வருகிறவர்களைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கிண்டலும் கேலியுமாக எழுதுவாள். தோழிகள் அதற்காகவே படிப்பார்கள். முன்பின் தெரியாதவர்களோ, கண்ணாடி வழுக்கி வழுக்கி மூக்கு நுனிக்கு வருகிறதே, என்ன செய்வது என்று எங்கேயாவது தேடி, கடைசியில் அக்கா எழுதிய பதிவில் வந்து விழுவார்கள். அந்த ஒரு பதிவுக்கு மட்டும் திருவிழாக் கூட்டம். பெரியவன் போன பிறகு அந்த வலைப்பூவில் ஒரு எழுத்து ஏறவில்லை.

வாலு ஒரு தாளில் சதுரம் போட்டாள். மேலே ஒரு பட்டை, வலதுபக்கம் ஒரு ஓரப்பத்தி.

"இங்க பாருக்கா. தெரிஞ்சவங்களுக்குப் புதுசா என்ன எழுதியிருக்கேங்கறதுதான் வேணும். அதைத் தூக்கி மேல வச்சிடறேன். தெரியாதவங்க விஷயம் வேற. அவங்க முன்வாசல் வழியா வரமாட்டாங்க. நேரா அடுப்படியிலதான் வந்து குதிப்பாங்க. அதனால எந்தப் பக்கத்துல வந்து குதிச்சாலும், இது இன்னார் வீடு, இவங்க இப்படிப்பட்டவங்கன்னு சொல்ற மாதிரி ஓரத்துல ஒரு பெட்டி இருக்கணும். அதுக்குக் கீழே, முதல்ல இதையெல்லாம் படிங்கன்னு அஞ்சாறு பதிவு."

"எழுத்தைப் பெருசா போடு. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணு தெரியாது."

வாலு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. நகைச்சுவை பழைய வழியிலேயே வந்தது, அவள்தான் கூட வரவில்லை.

"தெரிஞ்சவங்க, தெரியாதவங்க ரெண்டு பேருக்கும் ஒரே பக்கமா?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரே பக்கம்தான். யாரு வந்தாலும் அவங்கவங்களுக்கு வேண்டியது கண்ணுல படற மாதிரி அடுக்கிடலாம்."

"வேணாம். ரெண்டா போடு. இவங்க பாக்கறதை அவங்க பாக்க வேணாம். அவங்க பாக்கறதை இவங்க பாக்க வேணாம்."

"பண்ணலாம். தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஒரு லாகின் குடுத்துட்டா போச்சு. உள்ளே வந்தா ஒரு மாதிரி தெரியும், வெளியே நின்னா வேற மாதிரி தெரியும். ஆனா அப்படி என்னக்கா ரகசியம்?"

அக்கா திருப்புளியைக் கீழே வைத்தாள். ஃபோனை எடுத்து நீட்டினாள். ஓரப்பெட்டியில் போட வேண்டியதை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்.

'மூக்குக்கண்ணாடி செய்கிறேன். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு பிள்ளைகள். பெரியவன் கல்லூரியில், சின்னவள் பள்ளியில்.'

வாலு படித்தாள். பழையதை மாற்ற மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பழைய பெட்டியில் 'இருவரும் பள்ளியில்' என்றல்லவா இருந்தது? அப்படியானால் இது இப்போது எழுதியது. அக்கா அவனைப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறாள். 

"அக்கா."

"தெரியாதவங்க பக்கத்துல இதைப் போடு."

"அக்கா, இது..."

"என்ன? யாரோ ஒருத்தர் எங்கேயோ உக்காந்து திருகாணி எப்படி இறுக்கறதுன்னு படிக்கப் போறாங்க. ஓரத்துல எனக்கு ரெண்டு புள்ளைங்க, ஒருத்தன் காலேஜ்ல இருக்கான்னு போட்டிருந்தா அவங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவர் என்னைக்கு என் பிளாக்கைப் படிச்சார்?"

"சரி, தெரிஞ்சவங்க பக்கத்துல என்ன போடறது?"

"இந்தப் பெட்டியே வேணாம். வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை வேணாம். எழுதினா 'பாவம்'னு போடுவாங்க, பூப்படம் போடுவாங்க. அவங்களுக்குக் கண்ணாடியைப் பத்தி மட்டும் இருக்கட்டும்."

இதையெல்லாம் அவள் பவர் எண் வாசிக்கிற குரலில் சொன்னாள். ஏற்றமில்லை, இறக்கமில்லை. வாலு தாளில் போட்ட சதுரத்தின் மேலேயே கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போனாள்.

வந்தவர் பேருந்து ஓட்டுநர். சீருடையோடு வந்திருந்தார். கையில் ஒரு கண்ணாடி, வலதுகாதுப் பக்கம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் பொண்ணு இதுமேல உக்காந்துட்டாம்மா. ஒரே பொண்ணு, அவளுக்கு உக்கார வேற இடமே கிடைக்கல."

அக்கா வாங்கிப் பார்த்தாள். பட்டறைக்குள் வந்து சூடான காற்றில் காட்டி, விரலால் நெளித்து, மறுபடியும் முன்னால் போனாள். போட்டுப் பார்க்கச் சொன்னாள். கழற்றினாள், இன்னும் கொஞ்சம் நெளித்தாள்.

"உங்களுக்கு எத்தனைம்மா?" என்று கேட்டார் ஓட்டுநர். பொழுது போகக் கேட்கிற கேள்விதான்.

"ரெண்டு. பெரியவன் காலேஜ் போறான். காலையில அவனை எழுப்பறதுக்குள்ள என் உயிர் போயிடுது. போர்வையை உருவினா தலையணையை எடுத்து மூடிக்குவான். ஹாஸ்டல்ல சேந்துக்கடான்னா, அங்க யாரு என்னை எழுப்புவாங்கன்னு கேக்கறான்."

ஓட்டுநர் கடகடவென்று சிரித்தார். கூடவே அக்காவும் சிரித்தாள்.

பட்டறையில் உட்கார்ந்திருந்த வாலு அந்தச் சிரிப்பைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டாள். முடியும்போது மூக்கால் ஒரு சத்தம் வரும் அந்தச் சிரிப்பு, அக்காவினுடையதேதான். இனிமேல் கேட்கவே போவதில்லை என்று வாலு முடிவுகட்டியிருந்தது.

ஓட்டுநர் படியிறங்கினார். அக்கா உள்ளே வந்து பழைய முகத்தோடு திருப்புளியை எடுத்தாள்.

"தினமும் இப்படித்தான் சொல்றியா?"

"கேக்கறவங்ககிட்ட மட்டும்."

"எதுக்குக்கா?"

அக்கா ஒரு திருகாணியை எடுத்து இறுக்கினாள். "அப்படிச் சொன்னா அப்புறம் கொஞ்சம் பசிக்குது," என்றாள்.

வாலுவுக்குப் பயமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது என்றால் நம்புவீர்களா? அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். அவன் காலேஜ் போகிறான், காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று யாரோ ஒரு ஓட்டுநரிடம் சொல்ல அவளுக்கும்தான் ஆசையாக இருந்தது. தப்பு என்று புத்தி சொன்னது. அக்கா சிரித்தாள் என்று மனசு சொன்னது. புத்தி சொல்லி வாலு என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

மத்தியானம் வாலு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலையை முடித்தாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான். வெளியே நிற்பவர்களுக்கு இளம்பச்சைப் பட்டை, பெரிய எழுத்து, ஓரத்தில் அந்தப் பெட்டி. உள்ளே வருபவர்களுக்கு வெறும் வெள்ளைப் பக்கம், பெட்டி கிடையாது, புதுப் பதிவுகள் வரிசையாக வரும். ஃபோனில் பார்த்தால் ஓரப்பத்தி அடியில் போய்விடும் என்பதால், தெரியாதவர்களுக்கு அந்தப் பெட்டியை மட்டும் தூக்கி உச்சியில் வைத்தாள். தெரிந்தவர்களின் முகவரிகளைக் காலையிலேயே அக்காவின் ஃபோனிலிருந்து எடுத்து வைத்திருந்தாள்; அவர்கள் எல்லாருக்கும் ஒரு அழைப்பு மெயில் அனுப்பினாள். 'எங்கள் வலைப்பூ மறுபடி திறந்திருக்கிறது. இந்த இணைப்பைத் தொட்டு, கடவுச்சொல் வைத்து உள்ளே வாருங்கள்.' அனுப்பிவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

தான் செய்த முட்டாள்தனம் அப்போது அவளுக்குத் தெரியாது. உங்களில் சிலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

சின்னவள் பள்ளியிலிருந்து வந்தாள். பதினாலு வயசு. இந்த வருஷம்தான் வேறு பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். பழைய பள்ளியில் அண்ணன் படித்த வகுப்பறைகளைத் தாண்டிப் போக முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். பையை நாற்காலியில் வீசிவிட்டுச் சித்தியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு பிளாக்கா? திரும்ப வந்துடுச்சா?"

வாலு மூடப் பார்த்தாள். அதற்குள் அவள் படித்துவிட்டாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாருக்கு இது?"

"தெரியாதவங்களுக்கு. தெரிஞ்சவங்களுக்கு வேற பக்கம்." வாலு விளக்கினாள். விளக்க விளக்கத் தன் குரல் தனக்கே கேவலமாகக் கேட்டது.

"நான் எந்த லிஸ்ட்ல இருக்கேன் சித்தி?"

"நீ வீட்டு ஆளு. உனக்கு எதுக்குடி லிஸ்ட்?"

"எனக்கு லாகின் வேணாம். நான் தெரியாதவளாவே படிச்சுக்கறேன்."

"ஏய், அசடு மாதிரிப் பேசாதே."

"நிஜமாத்தான். அம்மா என்கிட்ட அண்ணனைப் பத்திப் பேசறதே இல்ல. நான் ஆரம்பிச்சா எழுந்து போய் ஏதாவது கழுவ ஆரம்பிச்சிடுவாங்க. முன்பின் தெரியாதவங்கன்னா அவன் காலேஜ் போறான்னு பேசுவாங்களாம். எனக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது."

அவளும் அழவில்லை. அந்த வீட்டில் அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. பிஸ்கட் டப்பாவை இழுத்து, ஒன்றை எடுத்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கிளாஸ்ல எழுந்து நின்னு அவங்கவங்க வீட்டைப் பத்திப் பேசணும். புது டீச்சர். அம்மா என்ன பண்றாங்க, அப்பா என்ன பண்றாரு, கூடப்பொறந்தவங்க எத்தனை பேரு, எல்லாம் சொல்லணும். அங்க யாருக்கும் எதுவும் தெரியாது. நான் என்ன சொல்லட்டும்?"

"அம்மாவைக் கேட்டியா?"

"'பாத்துச் சொல்லு'ன்னாங்க."

"அப்பாவை?"

"'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உக்காந்துடு'ன்னார். அதைத்தானே கேக்கறாங்க?"

 இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு பதிலாவது இருந்திருக்கலாம் என்று வாலுவுக்குத் தோன்றியது.

லிஃப்ட்காரர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். கருவிப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கையெல்லாம் கிரீஸ்.

"வாலு, உங்க அக்கா எங்க?"

"கடையைப் பூட்டிட்டு வர்ற நேரம்தான் மாமா. என்ன ஆச்சு?"

"நான் லிஃப்ட் கூண்டு மேல நின்னுட்டிருக்கேன். ஃபோன்ல நெட்டையனோட அம்மா அழறாங்க."

நெட்டையன் பெரியவனின் சிநேகிதன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"உங்க வீட்டம்மாவை யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாங்க. பெரியவன் காலேஜ்ல படிக்கறான்னு இவ எழுதியிருக்காளாம். அதைப் பாத்துட்டு நெட்டையன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டானாம். என்ன நடக்குது இங்க?"

 அந்த நொடியில்தான் வாலுவுக்கு விளங்கியது. மெயிலைப் பார்த்தவர்கள் இணைப்பைத் தொட்டிருப்பார்கள். கடவுச்சொல் வைக்க யாருக்குப் பொறுமை? சும்மா எட்டிப் பார்ப்போம் என்று எட்டிப் பார்த்திருப்பார்கள். உள்ளே வராத வரைக்கும் உயிர்த்தோழியும் அந்தப் பக்கத்துக்குத் தெரியாதவள்தான். எல்லாருக்கும் இளம்பச்சைப் பக்கம்தான் தெரிந்திருக்கும். அதுவும் ஃபோனில், பெட்டி உச்சியில். அவளேதான் தூக்கி அங்கே வைத்தாள்.

தன் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். செய்திகள் குவிந்து கிடந்தன. பெரும்பாலும் கேள்விக்குறிகள்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே அக்கா உள்ளே வந்தாள். மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் இப்படி முழிக்கறீங்க?"

"பெரியவன் காலேஜ்ல படிக்கறான்னு எழுதினியா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"ஆமா."

"ஆமாவா?"

"தெரிஞ்சவங்களுக்கு எழுதல. தெரியாதவங்களுக்கு." அக்கா வாலுவின் பக்கம் திரும்பினாள். "இவருக்கு எப்படித் தெரியும்?"

வாலு ஒன்றையும் மறைக்கவில்லை. தான் செய்த தப்பையும், நெட்டையனின் அம்மா ஃபோனில் அழுததையும் அப்படியே சொன்னாள். சொல்லி முடித்து, "மெயில் போன எல்லாருமே பாத்திருப்பாங்கக்கா," என்றாள்.

"சரி," என்றாள் அக்கா.

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தாள். அந்தச் 'சரி'தான் லிஃப்ட்காரரை உசுப்பிவிட்டது.

"என்ன சரி? ஊரே சிரிக்குது, இவ சரிங்கறா!"

"அழறாங்கன்னுல்ல இவ சொன்னா?"

"விளையாடாதே. பச்சைப் பொய் இது. செத்துப்போன புள்ளையைக் காலேஜுக்கு அனுப்புவியா நீ?"

செத்துப்போன என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.  கருவிப் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். சின்னவள் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"என்ன?"

"வேலைக்குப் போற இடத்துல எத்தனை புள்ளைங்கன்னு கேப்பாங்கல்ல. என்ன சொல்றீங்க?"

லிஃப்ட்காரர் தன் உள்ளங்கைக் கிரீஸைப் பார்த்தார். "ஒண்ணு," என்றார்.

கட்டைவிரலால் அந்தக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"ரெண்டுன்னா பெரியவன் என்ன பண்றான்னு கேப்பாங்க. ஒண்ணுன்னா அதோட விட்டுடுவாங்க. நான் நிக்கறது எந்த இடம்? அங்க நின்னுக்கிட்டு எனக்குக் கை நடுங்கக் கூடாது."

"ஒண்ணுன்னா அவன் பொறக்கவே இல்லேன்னு ஆயிடுது," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பார். அவள் சும்மா, மாற்றிப் போட்ட லென்ஸைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி சொன்னாள். "நான் உயிரோட இருக்கான்னு சொல்றேன். நீங்க பொறக்கவே இல்லேங்கறீங்க. எது பெரிய பொய்?"



"நான் அதை எடுத்துடறேன்க்கா," என்றாள் வாலு. "ஒரு நிமிஷ வேலை."

"எடுத்துட்டு என்ன போடுவே?"

"ஒண்ணும் போடாம விட்டுடலாம்."

"வேணாம் சித்தி," என்றாள் சின்னவள். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. "உள்ளதைப் போடுங்க. ரெண்டு பேரு, பெரியவன் போயிட்டான்னு போடுங்க. தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லாருக்கும் அதையே போடுங்க. போட்டீங்கன்னா நாளைக்கு நானும் எழுந்து நின்னு அதையே சொல்லிடுவேன். எனக்குச் சொல்லத் தெரியல. யாராவது ஒருத்தர் முதல்ல சொன்னா சொல்லிடுவேன்."

லிஃப்ட்காரர் மகளைப் பார்த்தார். இத்தனை நாளாக அவள் எங்கே இருந்தாள் என்பது போலப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"அவ சொல்றதுதான் சரி. உள்ளதைப் போடு வாலு."

வாலு அக்காவைப் பார்த்தாள். அக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. "போடு," என்றாள். யார் வீட்டு விஷயமோ என்பது போலத்தான் சொன்னாள். ஆனால் துண்டைத் துண்டுக் கம்பியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வாலு மடிக்கணினியைத் திறந்தாள். பெட்டியைத் திருத்தப் போனவள் நின்றாள். கண்ணாடி வழுக்குவதைப் பற்றிய அந்தப் பழைய பதிவுக்கு அடியில் புதிதாக ஒரு பின்னூட்டம் வந்திருந்தது.

"யாரு? நெட்டையன் அம்மாவா?" என்றார் லிஃப்ட்காரர்.

"இல்ல மாமா. யாருன்னு தெரியல. வெளியாள்."

"என்ன எழுதியிருக்கு?"

வாலு படித்தாள். 'வணக்கம் அம்மா. உங்கள் பதிவைப் பார்த்து என் கண்ணாடியை நானே சரிசெய்துவிட்டேன். மிக்க நன்றி. ஓரத்தில் உங்கள் மகன் கல்லூரியில் படிப்பதாகப் பார்த்தேன். என் மகனும் இந்த வருடம் சேர வேண்டும். எந்தப் படிப்பை எடுப்பதென்று குழம்பிக்கொண்டிருக்கிறான். உங்கள் மகன் என்ன படிக்கிறார் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.'

"பாத்தியா?" என்றாள் வாலு அக்காவிடம். "இப்படித்தான் ஆகும். ஒண்ணு சொன்னா அடுத்ததைக் கேப்பாங்க. இரு, இதையும் சேத்து அழிச்சிடறேன்."

"மெக்கானிக்கல்," என்றார் லிஃப்ட்காரர்.

வாலுவின் விரல் நின்றது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மெக்கானிக்கல்தான் எடுப்பேன்னு ஒத்தைக் கால்ல நின்னான். எலக்ட்ரிகல் எடுடா, எனக்குத் தெரிஞ்ச இடத்துல சேத்துவிடறேன்னு நான்தான் கத்துனேன். கடைசியா நாங்க பேசுனதே அதுதான். மெக்கானிக்கல்னு போடு. நல்லா படிக்கறான்னு போடு."

முதுகு வளைந்து, கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழுதார். அந்த வீட்டில் முதலில் அழுதது அவர்தான். நான் உட்பட யாரும் எதிர்பார்க்கவில்லை.

அக்கா ஒரு நாற்காலியை எடுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கையிலிருந்த துண்டை அவரிடம் கொடுத்தாள். அவர்கள் இருவரும் ஒட்டி உட்கார்ந்து வாலு பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"எந்த வருஷம்னு கேட்டா?" என்று கேட்டாள் அக்கா.

"முதல் வருஷம்தானே? முடியப் போகுது."

"ஆமா. பரீட்சை நேரம்."

"வொர்க்‌ஷாப்ல நாள் பூரா நிக்க விடறாங்களாம். வந்ததும் கால் வலிக்குதும்பான்."

"சொல்லுவான். வலிக்குதுன்னு சொல்லிட்டு உடனே வெளியே கிளம்பிடுவான்."

அக்காவின் குரலில் இப்போது ஏற்றமும் இறக்கமும் வந்திருந்தன. காலையில் கடையில் கேட்ட அதே குரல்.  தடுக்க வேண்டும் என்று வாலுவுக்குத் தோன்றியது. இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்றும் தோன்றியது. திரையில் பெட்டி திருத்தப்படாமல் அப்படியே இருந்தது. அதன் கீழே முகம் தெரியாத யாரோ ஒருவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

சின்னவள் மேஜை விளிம்பை விட்டுவிட்டு ஒரு எட்டு பின்னால் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு நானும் மெக்கானிக்கல்னு சொல்லணுமா?"